சுவரில் ஓடும் கார்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுச் சுவரில் பொம்மைக் கார் டிராக் பொருத்துவது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால், அவற்றை ஒரே கேள்வியாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

சுவரில் ஒட்டும் கார் டிராக் செட் ஒன்றை மகனின் பிறந்தநாளுக்கு வாங்கினோம். கூடவே வந்த ஸ்ட்ரிப்பில்தான் ஒட்டினோம். இரண்டு நாளில் மொத்தமும் கீழே விழுந்துவிட்டது. ஸ்ட்ரிப் போலியா? (வாசகி, திருச்சி)

ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்கும் முன் சுவரைப் பாருங்கள். உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள், அல்லது கறுப்புத் துணியால் துடையுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அடித்த சுவர் அல்லது மலிவான டிஸ்டெம்பர். அந்தச் சுவரில் எந்தப் பசையும் நிற்காது. பசை பிடித்திருப்பது சுவரை அல்ல, சுவர்மேல் இருக்கும் தூளை. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு விரல் நீளத்துக்குச் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பின் பசைப்பக்கம் தெளிவாக இருந்தால் ஒட்டலாம். மங்கலாக, தூள் பூசியதுபோல் இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்.

பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவர், டைல்ஸ், கண்ணாடி, மைக்கா ஒட்டிய கதவு, பீரோ ஆகியவற்றில் இவ்வகை ஸ்ட்ரிப் நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயின்ட், வால்பேப்பர், மழைக்காலத்தில் உப்புப் பூத்து பெயின்ட் கொப்புளிக்கும் சுவர் ஆகியவற்றில் பிடிக்காது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரானால் குறைந்தது 7 நாள் பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம் விடுவது நல்லது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

சுவர் சரியாக இருந்தும் விழுந்தால் ஒட்டிய முறையில் தவறு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். தரை கழுவும் வாசனைத் திரவம் வேண்டாம், கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். ஜெல்லில் கிளிசரின் கலந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத வழுக்கல் படலத்தை விட்டுச் செல்லும். துடைத்த இடம் முழுக்கக் காய்ந்ததும் ஸ்ட்ரிப்பை ஒட்டி, முழு நீளத்தையும் கட்டைவிரலால் 30 வினாடி அழுத்துங்கள். டிராக்கைப் பிடிக்கும் தாங்கியை மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது. பிறந்தநாள் வீட்டில் இந்த ஒரு மணி நேரம்தான் கிடைப்பதில்லை. அதனால் முந்தின நாள் இரவே ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. கீழே தள்ளுவது காரின் எடை அல்ல. இந்தக் கார்கள் ஒவ்வொன்றும் 30 முதல் 40 கிராம் இருந்தாலே அதிகம். டிராக்கைப் பிடித்துச் சாயும் கைதான் பளு. சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுக்கும் விசையை ஸ்ட்ரிப் நன்றாகத் தாங்கும். சுவரைவிட்டு வெளிப்பக்கம் பிடுங்கும் விசையை அப்படித் தாங்காது. டிராக் சுவரிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அதன் விளிம்பில் கை ஊன்றியதும் தாங்கியின் மேல்முனை முதலில் உரியத் தொடங்கும். ஆகவே ஸ்ட்ரிப்பைத் தாங்கியின் நடுவில் ஒட்டாமல், தாங்கியின் மேல் விளிம்போடு சேர்த்து, நெடுக்குவாக்கில் ஒட்டுங்கள். பிள்ளை கை வைத்து நிற்கும் இடம் கார் விடும் தொடக்க முனை. அங்கே மட்டும் இரண்டு ஸ்ட்ரிப் போடுங்கள்.

மேற்குப் பார்த்த சுவரில் கத்திரி வெயில் காலத்தில் ஒட்டியது விழுந்தால் ஆச்சரியமில்லை. சுவர்ச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பசை இளகிவிடும்.

சார்ஜாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். காலி செய்யும்போது சுவரில் தழும்பு இருந்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். பெயின்ட் உரியாமல் எப்படி எடுப்பது? (வாசகர், சார்ஜா)

இழுத்தால் நீளும் வகை ஸ்ட்ரிப்பாக இருந்தால், கீழே தொங்கும் நாக்கைப் பிடித்து, சுவரோடு சுவராக, நேர் கீழே, மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்ட்ரிப் ரப்பர்போல ஓர் அடிக்கும் மேல் நீண்டு, தானே கழன்று வரும். பெரும்பாலானோர் தங்களை நோக்கி இழுக்கிறார்கள். பெயின்ட் உரிவது அதனால்தான்.

நாக்கு அறுந்துவிட்டால் கத்தியால் நெம்பாதீர்கள். முடி உலர்த்தும் டிரையரை இதமான சூட்டில் அரை நிமிடம் காட்டி, தூண்டில் நரம்பையோ பல் இடுக்கு நூலையோ தாங்கிக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம்போல இரு பக்கமும் இழுத்து அறுங்கள். சுவரில் மிஞ்சும் பசையை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். நுரை ஒட்டிய சாதாரண டபுள் சைடு டேப் விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது பெயின்ட்டோடுதான் வரும், சில சமயம் பட்டியோடும் வரும்.

உங்கள் ஊர் வீடுகளில் அறைத் தடுப்பு பல இடங்களில் ஜிப்சம் பலகையாக இருக்கும். விரலால் தட்டினால் டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வரும். அதில் சாதாரண ஸ்க்ரூ நிற்காது. வாடகை வீட்டில் ஸ்க்ரூ யோசனையே வேண்டாம். பீரோவின் பக்கவாட்டிலோ ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலோ காந்தம் ஒட்டிய டிராக் போடுங்கள். மூடிய கதவின் உட்பக்கமும் நல்ல இடம்.

ஸ்க்ரூ போட்டே பொருத்திவிடலாமா? சொந்த வீடுதான். (வாசகர், ஓசூர்)

போடலாம். ஆனால் ஒவ்வொரு தாங்கிக்கும் ஓர் ஓட்டை என்று சுவரைச் சல்லடை ஆக்க வேண்டாம். 4 அடிக்கு 3 அடி, 9 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் சுவரில் பொருத்தி, டிராக்கை அந்தப் பலகையில் பொருத்துங்கள். எங்களைக் கேட்டால் சொந்த வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பாதையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பிள்ளைகளே ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகலாம், நாளைக்கு டிராக் அலுத்துப்போனால் பலகை படம் ஒட்டும் போர்டாகிவிடும்.

அந்த அளவுப் பலகை சுமார் 6 கிலோ வரும். நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ போதும். 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், இரண்டரை அங்குல ஸ்க்ரூ. ஏன் இரண்டரை என்றால், பலகை 9 மி.மீ., சுவர்ப் பூச்சு 12 முதல் 15 மி.மீ. போக, செங்கல்லுக்குள் நாலு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் ஸ்க்ரூ ஒரு மாதத்தில் ஆடத் தொடங்கும். பலகையின் விளிம்புகளை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள். சிராய் ஏறுவது எப்போதும் சின்ன விரலில்தான்.

டிரில் போடும் முன் சுவிட்ச் பெட்டிகளைப் பாருங்கள். அவற்றிலிருந்து நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் சுவருக்குள் ஒயர் குழாய் ஓடும். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் குறுக்காகவும் ஓட்டியிருப்பார்கள். வீட்டுக்கு ஒயரிங் செய்தவரைக் கேட்காமல் அங்கே டிரில் எடுக்க வேண்டாம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கும்.

டிராக்கை மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து வரும்படி அமைத்தோம். கார் இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிடுகிறது, அல்லது குப்புற விழுகிறது. சரிவு எவ்வளவு கொடுக்க வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

நீங்கள் அமைத்திருப்பது படிக்கட்டுபோல மாறி மாறி இறங்கும் பாதை. இதில் கார் உண்மையில் திரும்புவதில்லை. மேல்தட்டின் முனையிலிருந்து கீழ்த்தட்டில் விழுந்து, பின்பக்கமாக உருண்டு போகிறது. அடுத்த தட்டில் மறுபடி முன்பக்கமாக வரும். இதைப் புரிந்துகொண்டால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். ஒவ்வொரு விழுதலிலும் கார் தன் வேகம் முழுவதையும் இழந்து நின்று, அடுத்த தட்டில் புதிதாகத்தான் கிளம்புகிறது. மேலே வேகமாக விட்டால் கீழே வரை அந்த வேகத்திலேயே வந்துவிடும் என்று எண்ணிக் கீழ்த்தட்டுகளுக்குச் சரிவைக் குறைத்தால் நின்றுவிடும்.

நல்ல சக்கரமுள்ள கார் ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம் இருந்தாலே உருளும். ஆனால் வீட்டில் இருக்கும் பத்துக் காரில் நாலு அப்படி உருளாது. அதனால் ஓர் அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளத் தட்டுக்குச் சுமார் 12 செ.மீ. இறக்கம் வரும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்க முனை பிள்ளையின் கண் மட்டத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். 100 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். தலா 90 செ.மீ. நீளத்தில் நான்கு தட்டு, ஒவ்வொன்றும் 12 செ.மீ. இறக்கம், ஆக 48. தட்டிலிருந்து தட்டுக்கு விழும் உயரம் மூன்று இடத்தில் தலா 5 செ.மீ., ஆக 15. மொத்தம் 63 செ.மீ. இறங்கிவிட்டது. கடைசித் தட்டு முடியும்போது தரைக்கு மேல் 37 செ.மீ. மிச்சம் இருக்கும். அங்கே ஒரு வளைந்த துண்டை மாட்டித் தரையில் வைத்த பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள். அந்த உயரத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் முழுப் பாதையையும் ஒரு பக்கமாக நகர்த்துங்கள்.

குப்புற விழுவதற்குக் காரணம் அந்த 5 செ.மீ.யும் அதன் பக்கத்திலுள்ள இடைவெளியும்தான். கார் சுமார் 7 செ.மீ. நீளம். மேல்தட்டின் முனைக்கும் எதிரே இருக்கும் தடுப்புக்கும் நடுவில் 9 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். 7 செ.மீ. மட்டும் இருந்தால் மூக்கு கீழும் வால் மேலுமாகச் செருகி நின்றுவிடும். விழும் உயரம் 8 செ.மீ.யைத் தாண்டினால் காற்றிலேயே கவிழத் தொடங்கும். தடுப்பில் மோதித் திரும்பித் துள்ளினாலும் இதே கதிதான். பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தடுப்பில் ஒட்டுங்கள், துள்ளல் அடங்கிவிடும்.

இவ்வளவையும் முதலில் மாஸ்கிங் டேப்பில் செய்து பாருங்கள். எல்லாத் துண்டுகளையும் டேப்பால் சுவரில் நிறுத்தி, வீட்டிலேயே மோசமாக ஓடும் காரை எடுத்து இருபது முறை விடுங்கள். அது பதினெட்டு முறையாவது கீழே வந்து சேர்ந்தால் பென்சிலில் குறித்துக்கொண்டு, பிறகு நிரந்தரமாக ஒட்டுங்கள். சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தரையிலிருந்து இரு முனைக்கும் அளவு நாடா பிடித்தால் போதும். தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும் பழைய வீட்டில் மட்டும் ரசமட்டம் தேவைப்படும். பிளாஸ்டிக் டிராக்குக்கு ஓர் அடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். இரண்டடிக்கு ஒன்று என்று விட்டால் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் கார் நிற்கும்.

இணைப்புகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கார் வரும் திசையில் நகம் தட்டுப்பட்டால் காரும் தட்டுப்படும். எதிர்ப்படும் துண்டு ஒரு நூல் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, உயர்ந்திருக்கவே கூடாது.

நேர் இறக்கத்தில் கார் எவ்வளவு வேகம் போகும் என்று என் பெண் கேட்கிறாள். (வாசகி, நாகர்கோவில்)

1.2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டால், அடியில் நொடிக்குச் சுமார் 4.8 மீட்டர், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டர். உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். 1968-ல் மேட்டல் நிறுவனம் 16 மாடல்களோடு வெளியிட்ட ஹாட் வீல்ஸ் முதற்கொண்டு, இந்தச் சின்னக் கார்கள் பெரும்பாலும் 64-ல் ஒரு பங்கு அளவு. அதனால் 17-ஐ 64-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஆயிரத்தைத் தாண்டும். இந்தப் பெருக்கலுக்குப் பெரிய அர்த்தம் இல்லை என்பதை அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம்.

வட்டமாகச் சுற்றி வரும் லூப்பில் கார் பாதி ஏறி விழுந்துவிடுகிறது. (வாசகர், மதுரை)

லூப்பின் உச்சியில் கார் தலைகீழாக இருக்கும்போதும் டிராக்கை அழுத்திக்கொண்டிருக்கும் அளவுக்கு வேகம் வேண்டும். உராய்வில்லாத கணக்குப்படி, லூப்பின் அடிமட்டத்திலிருந்து அளந்தால், ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து விட வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள லூப்புக்கு அது 25 செ.மீ. வீட்டு டிராக்கில் இந்த 25 போதாது. சக்கர உராய்வு ஒரு பங்கைத் தின்னும், இணைப்புகள் ஒரு பங்கைத் தின்னும், அதிகம் தின்னுவது லூப்பின் ஆட்டம். விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 40 செ.மீ., கொடுத்தால் சுமாரான காரும் சுற்றி வந்துவிடும்.

உயரம் சரியாக இருந்தும் விழுந்தால், கார் போகும்போது லூப்பை உற்றுப் பாருங்கள். அது குலுங்கினால் காரின் வேகம் அந்தக் குலுக்கலில் போகிறது. இரு பக்கமும், உச்சியிலும் கட்டி நிறுத்துங்கள். சுவர் டிராக்கில் லூப் வைப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒன்றின்மேல் ஒன்று இருக்க முடியாது, பக்கவாட்டில் ஒரு டிராக் அகலமாவது விலக வேண்டும். அதனால் லூப்பின் ஒரு முனை சுவரையொட்டியும் மறுமுனை ஐந்து சென்டிமீட்டர் வெளியேயும் இருக்கும். வெளிமுனைக்கு அந்த நீளத்துக்கு ஒரு மரக்கட்டை கொடுக்காமல் வெறுமனே தொங்கவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. கடையில் லூப் சின்னதா பெரியதா என்ற கேள்வி வந்தால் சின்னதையே எடுங்கள். பெரியது பார்க்க அழகு, ஆனால் அதற்கேற்ற உயரம் உங்கள் பிள்ளையின் கைக்கு எட்டாது.

கடை டிராக் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா? (வாசகி, விருதுநகர்)

முடியும். ஒரு விதத்தில் அதுவே நல்லது. வளைவில் கார் தெறித்து விழும் தொல்லை அதில் குறைவு.

பிளம்பிங் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாய், மெல்லிய ரகம், 10 அடி வாங்குங்கள். நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 20 அடி டிராக். பிளப்பதுதான் வேலை. குழாயை உருளாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கட்டிவைத்து, எதிரெதிராக இரு கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடால் ஒரு பக்கக் கோட்டை முழுதும் அறுத்த பிறகே மறுபக்கம் தொடுங்கள். மாற்றி மாற்றி அறுத்தால் கோணிவிடும். பிளம்பரிடம் கட்டிங் மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை, அவரையே கேளுங்கள். அறுத்த விளிம்பை 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. அந்த விளிம்பு கையைக் கிழிக்கும்.

63 மி.மீ. குழாயும் ஓடும், ஆனால் கார் பக்கச்சுவரில் ஏறி ஏறி அலையும். கோலிக்குண்டு விடுவதற்கு அதுவே நல்லது. மின்சாரக் கடையில் கிடைக்கும் ஒயரிங் கேசிங் பட்டியிலும் செய்யலாம். உள் அகலம் 38 மி.மீ.க்குக் குறையாமல் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஓர் அங்குலப் பட்டியில் கார் நுழையாது. வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு காரை எடுத்துப் போனால் அளவே பார்க்க வேண்டாம்.

செலவே வேண்டாம் என்றால் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்குப் போங்கள். பேனர் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் தடிமனாக, சுமார் 3 அங்குல உள்விட்டத்தில், ஆளைவிட நீளமாக இருக்கும். ரோல் தீர்ந்ததும் அவர்களுக்கு அதனால் பயனில்லை. பி.வி.சி.யைவிட எளிதாக அறுபடும், சத்தமும் குறைவு. ஈரம் பட்டால் உப்பிவிடும் என்பது ஒன்றுதான் குறை.

பலகையில் பொருத்தும்போது, அரைக்குழாயின் அடியில் ஸ்க்ரூ போடாதீர்கள், ஸ்க்ரூ தலையில் கார் முட்டும். பலகையை ஒட்டியிருக்கும் பக்கத்தின் மேல்விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே போடுங்கள். எதிர்விளிம்பு பிள்ளையின் பார்வையை மறைத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு விரல் அளவுக்கு அறுத்துத் தாழ்த்துங்கள். கார் ஓடுவது தெரியாவிட்டால் டிராக் இருந்தும் பயனில்லை.

சக்கரம் இறுகிப்போன கார்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். முதலில் ஓடின, இப்போது முன்னைவிட மோசம். (வாசகர், ஈரோடு)

எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி முடியைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையவும் செய்யும். தையல் மெஷின் எண்ணெயும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக நடக்கும், அவ்வளவே.

முதலில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் சுற்றியிருக்கும் முடியையும் கம்பளி இழையையும் புருவம் எடுக்கும் இடுக்கியால் இழுத்து எடுங்கள். பல கார்களுக்கு இதுவே வைத்தியம். எண்ணெய் விட்ட காரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, முழு நாள் காயவிடுங்கள். பேட்டரி உள்ள காரை நனைக்க வேண்டாம். பிறகு 6பி பென்சிலின் ஊசியை உப்புத்தாளில் உரசி, அந்தக் கரித்தூளைத் துளியூண்டு அச்சில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அது காரீயம் அல்ல, கிராபைட், உலர்ந்த நிலையிலேயே வழுக்கும். ஆனால் கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். மோட்டார் வைத்துத் தள்ளும் பூஸ்டர் டிராக்கிலும், மின்சாரத்தில் ஓடும் ஸ்லாட் கார் டிராக்கிலும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அச்சே வளைந்திருந்தால் கார் ஒரு பக்கமாகவே இழுக்கும். கண்ணாடி மேசையில் விட்டுப் பாருங்கள், ஒரு மீட்டருக்குள் தெரிந்துவிடும். மிதிபட்ட கார்களில் இது சகஜம். நிமிர்த்த முயன்றால் பெரும்பாலும் ஒடியும். அதைப் பார்க்கிங் காராக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. அவள் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள். (வாசகி, தஞ்சாவூர்)

டிராக்கின் கடைசி முனைதான் உங்கள் பிரச்சினை, ஏனென்றால் அது சின்னவளின் உயரத்தில் இருக்கிறது. பாதையைத் தரை வரை கொண்டுவராமல் சின்னவளின் கைக்கு எட்டாத உயரத்தில் முடித்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்கவிடுங்கள். பாதை சின்னதாகிவிடும், ஆனால் பெரியவனின் கைக்கு எட்டும் உயரத்திலேயே எல்லாம் இருக்கும்.

மூன்று வயதுக்குக் கீழ் சின்ன உதிரிகள் கூடாது என்பதற்கு ஓர் அளவு உண்டு. சோதனைக்கூடத்தில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் பொருளைப் போட்டுப் பார்ப்பார்கள். எந்த அழுத்தமும் கொடுக்காமல் முழுதாக உள்ளே போனால் அது மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது. 7 செ.மீ. கார் போகாது, ஆனால் கழன்ற சக்கரம், டிராக் இணைப்பு நாக்கு, ஸ்ட்ரிப்பின் கிழிந்த துண்டு எல்லாம் போகும். வாரம் ஒரு முறை கார்ப் பெட்டியைக் கொட்டிச் சக்கரம் ஆடுவதை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையும் வயது எச்சரிக்கையும் இல்லாத டிராக் செட்டை வாங்க வேண்டாம்.

இரண்டு பொருள்கள் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, மாத்திரை அளவுள்ள சக்தி வாய்ந்த வெள்ளிநிறக் காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள குடல்சுவரைத் துளைத்துவிடும். பீரோவில் டிராக் ஒட்ட அகலமான காந்தத் தாள் போதும், இவை வேண்டவே வேண்டாம். இரண்டு, லைட் எரியும் கார்களிலுள்ள பொத்தான் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கும். இவற்றில் எதையாவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108. பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத கார் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வருகிறார். (வாசகர், சென்னை)

சத்தம் இரண்டு இடத்தில் பிறக்கிறது. கார் பெட்டியில் விழும்போது தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகிறது. பெட்டிக்கு அடியில் பழைய யோகா பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள், உள்ளே ஒரு துண்டை விரியுங்கள். மற்றது டிராக் நேரே சுவரில் உரசும் கரகரப்பு. அது பக்கத்து வீட்டுக்குப் போகும். பொதுச்சுவரை விட்டு, உங்கள் வீட்டுக்குள்ளேயே இரு அறைகளைப் பிரிக்கும் சுவருக்கு மாற்றுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை டிராக்குக்கும் தூக்கம் என்று ஒரு சட்டம் போட்டால் கீழ்வீட்டுத் தாத்தாவும் சமாதானமாகிவிடுவார்.

இரட்டைப் பிள்ளைகள். ஒரே டிராக்குக்கு அடிதடி. (வாசகி, சேலம்)

தொடக்க முனையை இரண்டாக்குங்கள். இடது பக்கத்திலிருந்து ஒன்று, வலது பக்கத்திலிருந்து ஒன்று, நடுவில் சேர்ந்து ஒரே பாதை. கார்கள் மோதட்டும், பிள்ளைகள் மோத மாட்டார்கள்.

எல்லாக் காரும் ஏன் ஓடவில்லை? விலை அதிகமானதுதான் நிற்கிறது! (வாசகர், புதுச்சேரி)

டிராக்குக்கு விலை தெரியாது. பின்னால் இழுத்து விடும் புல்பேக் கார்களில் சக்கரத்தோடு பல்சக்கரம் கோத்திருப்பதால் தானாக உருளாது. சேகரிப்பாளர்களுக்கான ரப்பர் டயர் கார்கள் பார்க்க உசத்தி, ஓட மந்தம். பிளாஸ்டிக் சக்கரம்தான் வேகம். வயிறு தரையைத் தொடும் தாழ்ந்த ரேஸ் கார், இறக்கம் திடீரென்று சமமாகும் இடத்தில் மூக்கை இடித்துக்கொள்ளும். அங்கே வளைவை இன்னும் நிதானமாக்குங்கள். உயரமான ஜீப், வேன் எல்லாம் திருப்பத்தில் சாயும். மேட்ச்பாக்ஸ் கார்களும் 1997-லிருந்து மேட்டல் நிறுவனத்துடையவைதான், அவற்றில் பெரும்பாலானவை இதே டிராக்கில் ஓடும்.

சுருட்டி வைத்திருந்த பழைய ஆரஞ்சு டிராக் நிமிரவே மாட்டேன் என்கிறது. (வாசகர், காரைக்குடி)

கொதிக்கும் நீர் வேண்டாம், நெளிந்துவிடும். கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூட்டில் அகலமான தொட்டியில் நீர் விட்டு ஐந்து நிமிடம் முக்குங்கள். எடுத்துத் துடைத்து, சமமான தரையில் சுருளுக்கு எதிர்ப்பக்கமாகக் கவிழ்த்து, மேலே நாலு தடித்த புத்தகம் வைத்து ஓர் இரவு விடுங்கள். ஒரு முறையில் முக்கால்வாசி நிமிரும், மீதியைத் தாங்கிகள் பார்த்துக்கொள்ளும். இணைப்பு நாக்கு நுழையும் இடத்தில் வெடித்திருந்தால் அந்த முனையை இரண்டு சென்டிமீட்டர் வெட்டித் தள்ளிவிட்டு, அந்தத் துண்டைப் பாதையின் கடைசித் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இணைப்பு தேவைப்படாது.